பஞ்சு அசையவில்லை

செத்துப் பிழைத்தவரோடு ஒரே வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவர் இருமினால் பயமாக இருக்கும். இருமாவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கும்.

தொக்ஷிம் தினமும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் மாமனாரின் அறைக் கதவைக் கொஞ்சம் விலக்கி, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவளுடைய மூச்சுதான் முதலில் நின்றுபோகும். கிழவர் சாங்குன் கண்ணைத் திறக்காமலே குரல் கொடுப்பார்.

"இருக்கேம்மா. போயி உலைய வையி."

அன்றைக்கும் அப்படித்தான் விடிந்தது. கல்மே தீவில் குளிர் விட்டு, பாசி அறுக்கிற பருவம். ஆள் உயரத்துக்கு நாடா நாடாவாக வளர்கிற பழுப்புப் பாசி அது. அவள் புருஷன் மான்சோ படகு நிறைய அறுத்து வந்து கரையில் தள்ளிவிட்டு, மறுபடி கடலுக்குப் போயிருந்தான். ஒன்றின்மேல் ஒன்று படாமல் அதைக் கூழாங்கல் மேட்டில் விரிக்க வேண்டும். வெயில் இறங்குவதற்குள் புரட்டிப் போட வேண்டும். பனி பட்டுவிட்டால் வெள்ளை பூத்துவிடும். அப்புறம் வியாபாரி மூக்கைச் சுளிப்பான்.

கூடவே நாத்தனார் குமிமும் குனிந்து விரித்துக்கொண்டிருந்தாள். மொக்போ பட்டணத்தில் மீன்கடை வைத்திருப்பவள். தாயாரின் வைக்கோல் சமாதியைத் திறக்கும் நாள் வந்துவிட்டதால் முந்தின நாள் படகில் வந்திறங்கியிருந்தாள்.

வருஷத்தின் முதல் மாதத்தில் மண்ணைத் தோண்டக் கூடாது என்பது தீவின் கட்டுப்பாடு. அந்த மாதம் செத்தவர்களைப் பெட்டியோடு கல்மேடையில் வைத்து, வைக்கோல் வேய்ந்து மூடிவிடுவார்கள். மூன்று வருஷம் போனபின் எலும்பை எடுத்துக் கழுவிப் புதைப்பார்கள். மாமியார் செத்தது முதல் மாதத்தில்.

"அப்பா நல்லா சாப்பிடுறாரா?" என்று கேட்டாள் குமிம்.

"சாப்பிடுறாரு மதினி. முன்னைவிட ஒரு கவளம் கூடவே."

"அன்னிக்கு நீதான் பாத்தியாமே. பஞ்சு வச்சு."

"ஆமா."

"அசையலையா?"

"அசையல."

குமிம் ஒரு பாசியை உதறி, நுனியில் கல்லை வைத்தாள். அடுத்த பாசியை எடுத்தாள். சந்தையில் உப்பு என்ன விலை என்று கேட்பதுபோல, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"அம்மாவுக்கும் நீதான பாத்த?"

"ஆமா மதினி. நான்தான்."

குமிம் அந்தப் பாசியின் நுனியிலும் கல்லை வைத்தாள்.

தீவில் முன்பு சின்னதாக ஒரு அரசாங்க வைத்திய நிலையம் இருந்தது. அதில் ஒரு நர்ஸம்மா இருந்தாள். அவள் மாற்றலாகிப் போனாள். பதிலுக்கு ஆள் வரும் என்றார்கள், வரவில்லை. அங்கே கூட்டிப் பெருக்கி, வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தொக்ஷிம். சாவியும் அவளிடமே தங்கிவிட்டது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, அன்றிலிருந்து யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் 'தொக்ஷிமைக் கூப்பிடு' என்பதே ஊர் வழக்கமாகிவிட்டது. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "எங்களுக்கு அதுகூடத் தெரியாதே" என்று கூட்டிப்போனார்கள்.

போன குளிரில் சாங்குனுக்கு வயிறு சரியில்லாமல் போனது. கஞ்சிகூட இறங்கவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் அவர் விடவில்லை. 'ஒருநாளும் விடக் கூடாது' என்று நர்ஸம்மா எப்போதோ சொன்னது அவருக்கு வேதவாக்கு. சாப்பிடாத நாளில் போடக் கூடாது என்று எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. வலைக் கொட்டகையில் விழுந்து கிடந்தவரைத் தூக்கிவந்தபோது உடம்பு கல்லாகக் குளிர்ந்திருந்தது.

தொக்ஷிம் பழைய வழக்கப்படி பஞ்சைப் பிரித்து, சிலந்தி நூலாக மெல்லிசாக்கி, மூக்கடியில் வைத்தாள். அக்கம்பக்கம் எல்லாம் குனிந்து பார்த்தது. பஞ்சு அசையவில்லை. மார்பில் காதை வைத்தாள். தூரத்தில் ஏதோ இரைந்தது. தன் காதுக்குள் ஓடுகிற ரத்தம்தான் அது என்று நினைத்தாள். நிமிர்ந்து, "போயிட்டாரு" என்றாள்.

இத்தனை நாளும் அவர் கைக்கு எட்டாமல் ஒளித்து வைத்திருந்த அரிசிப் பாகை, இனிமேல் எதற்கு என்று எடுத்துவந்து, விரலில் தொட்டு அவர் உதட்டுக்குள் தடவினாள். மான்சோ அப்பாவின் கம்பளிச் சட்டையோடு ஏணியில் ஏறினான். கூரை முகட்டில் நின்று, வடக்கே பார்த்துச் சட்டையை வீசி, பேர் சொல்லி உயிரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் வராவிட்டால் சாவு உறுதி. தொக்ஷிம் அழுதுகொண்டே, அழைத்துப்போக வருகிற எமதூதர் மூவருக்கும் வாசலில் மூன்று கிண்ணம் சோறு வைத்தாள்.

மூன்றாவது கூப்பாடு முடியும்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எவன்டா கூரைமேல? ஓடு ஒடையப் போகுது, எறங்குடா."

அப்புறம் மொக்போ டாக்டர் சொன்னார்: ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, அதோடு குளிரும் சேர்ந்துகொண்டது. உதட்டில் தடவிய பாகுதான் ஆளை மேலே இழுத்திருக்கிறது. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆனால் சாங்குன் தெருவில் வந்தால் கடைக்காரி முகத்தைப் பார்க்காமல் சாமானைக் கொடுத்தாள். கூரையில் வீசிய சட்டையை உயிரோடு இருப்பவன் போடக் கூடாது. அவரோ, "நல்ல கம்பளி, எதுக்கு வீணாக்கணும்" என்று அதையே போட்டுக்கொண்டு திரிந்தார். கிணற்றடியில் பெண்கள் வேறொன்றும் பேசிக்கொண்டார்கள்.

"மூணு பேரும் சோத்தைத் தின்னுட்டாங்கல்ல? வெறுங்கையோடயா போவாங்க?"

தொக்ஷிமுக்கு அந்தப் பயம் இல்லை. அவளுடைய பயம் பின்பக்கம் பார்த்தது. மாமியாரும் அதே மாத்திரைதான் சாப்பிட்டாள். அவள் செத்த குளிரில் அவளும் சளிபிடித்து, சோற்றைத் தொடாமல் கிடந்தாள். அதே பஞ்சு, அதே காது, அதே சொல். அவள் உதட்டில் பாகு தடவ மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மத்தியானப் படகில் பச்சை ஜாக்கெட் போட்ட பெண்ணொருத்தி இறங்கி, வழி கேட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். பேர் மிரான். கட்சி அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னாள். தேர்தல் வருகிறது. தீவுகளுக்கு டாக்டரும் நர்ஸும் கொண்டுவர அவர்களுடைய கட்சியிடம் ஒரு திட்டம் இருக்கிறது. நாளைக்கு ஊர்மண்டபத்தில் கூட்டம்.

வந்தவளைப் பட்டினி போட முடியுமா? பார்லிச் சோறு, பாசி சூப், கடுகிலைக் கிம்ச்சி ஊறுகாய், நடுவில் குமிம் பட்டணத்திலிருந்து கொண்டுவந்த புளிக்கவைத்த திருக்கை. முதல் துண்டிலேயே மிரானுக்குக் அதன் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இதைத் தின்னு கண்ணு கலங்காதவன் பொய்யன்" என்றார் சாங்குன். "நீ கட்சிக்காரியா இருந்தாலும் நல்ல பொண்ணுதான். சொல்லு, என்ன வேணும்?"

"நீங்கதான் தாத்தா வேணும். மொக்போவுல பெரிய கூட்டம் நடக்கப்போகுது. மேடையேறி நடந்ததைச் சொன்னாப் போதும். ஆளில்லாம தீவுங்க என்ன பாடுபடுதுன்னு நாங்க நூறு பேச்சு பேசுறதும், நீங்க ஒரு நிமிஷம் நிக்கிறதும் ஒண்ணாகாது."

"திருவிழாவுல ரெட்டைத்தலை கன்னுக்குட்டி காட்டுற மாதிரியா?"

மிரான் சிவந்துபோனாள். "அப்படி இல்ல தாத்தா."

"அப்படித்தான். இருந்தா என்ன? கன்னுக்குட்டிக்கும் ஊர் பாத்த மாதிரி இருக்கும். வர்றேன்."

மிரான் தொக்ஷிம் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பேசணும் அக்கா. நீங்கதான முதல்ல பாத்தது."

தொக்ஷிம் கிண்ணங்களை அடுக்கினாள். "எனக்குப் பேச வராதும்மா."

"ரெண்டு வார்த்தை. பஞ்சு வச்சேன், அசையல, போயிட்டாருன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அதைச் சொன்னால் அடுத்ததையும் சொன்ன மாதிரி. குமிம் சோற்றை அளைந்துகொண்டே தன்னைப் பார்ப்பது தொக்ஷிமுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் மலைச்சரிவுக்குப் போனார்கள். காற்றில்லை. மான்சோ வைக்கோலைப் பிரித்துப் பிரித்துக் கீழே போட்டான். மேல் அடுக்கு போன வருஷத்தது, மஞ்சளாக இருந்தது. அடியிலிருந்தது கறுத்து மட்கியிருந்தது. பெட்டிப் பலகை வெளியே வந்ததும் அவன் கை தயங்கியது.

"தள்ளு" என்றாள் குமிம். "நான் பாக்கணும்."

"அக்கா, ஆம்பளைங்க பாத்துட்டு அப்புறமா..."

"நான் பாக்கணும்னேன்."

மூடி திறந்தது. குமிம் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் வைக்கோல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நேரா படுத்திருக்கா. கை ரெண்டும் வச்ச எடத்துலயே இருக்கு. தொக்ஷிம், பாரேன், எங்கம்மா அசையவே இல்ல." தொக்ஷிமின் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். "அப்பா கதையைக் கேட்ட நாள்லேருந்து உன்னை மனசுக்குள்ள என்னென்னமோ சொல்லிட்டேன். மறந்துருடி."

மான்சோ மூக்கை உறிஞ்சினான். அவன் இந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை நாள் தூக்கமில்லாமல் புரண்டிருக்கிறான் என்று தொக்ஷிமுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவளும் குனிந்து பார்த்தாள். எலும்புகள் நேராகத்தான் இருந்தன. சுற்றிய சணல்துணி பெரும்பாலும் இற்றுப்போயிருந்தது. ஆனால் அதன் கட்டுகள் இருந்த இடங்களில் முடிச்சுகள் மட்டும் இறுகிக் கிடந்தன.

கோடித்துணி சுற்றி ஏழு இடத்தில் கட்ட வேண்டும். கட்டியது அவள். பிணத்துக்கு முடிச்சுப் போடக் கூடாது, முறுக்கிச் செருகத்தான் வேண்டும். ஆனால் பாசிக் கயிறு கட்டிக் கட்டிப் பழகிய கை அழுகைக்கு நடுவில் தன்போக்கில் வேலை செய்துவிட்டது. முழங்காலை ஊன்றி, இழுத்து, கடல் ஓட்டத்தில் நழுவாத முடிச்சாகப் போட்டுவிட்டாள். கூட இருந்த பெண்கள், "போகட்டும் விடு, நம்ம ஊர் முடிச்சுதான" என்றார்கள்.

அந்த முடிச்சுக்குள் உயிரோடு ஒருத்தி கிடந்தாலும் விரலைக்கூட அசைத்திருக்க முடியாது.

குமிமிடம் அதைச் சொல்லவில்லை. எலும்பு கழுவ மூலிகைத் தண்ணீர் கொண்டுவரக் குமிம் திரும்பியபோது, முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். நிமிர்ந்தபோது சாங்குன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார். பெண்டாட்டியின் மண்டையோட்டை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோலத் துடைத்தார். "கோவக்காரி" என்று மட்டும் சொன்னார்.

புதைத்துவிட்டு இறங்கும்போது மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கிழவரும் அவளும் பின்தங்கினார்கள். குளிர்காலம் முழுக்கத் தொண்டையில் வைத்திருந்ததைத் தொக்ஷிம் கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு நீங்க கெடந்தப்ப, ஏதாச்சும் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு."

அவள் நின்றுவிட்டாள்.

"நீ காதை வச்ச. உன் கம்மல் குளுந்துச்சு. 'போயிட்டாரு'ன்ன. சரி, போயிட்டோம் போலன்னு நானும் நெனச்சிக்கிட்டேன்." அவர் ஒன்றும் நடக்காததுபோலக் கம்பை ஊன்றி நடந்தார். "நீ சொன்னா சரியாத்தான இருக்கும்?"

"பயமா இருந்துச்சா?"

"பயமில்ல. குளிரு. அது ஒண்ணுதான்."

ஜாக்கெட் பைக்குள் அவள் கை முடிச்சுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஊர்மண்டபத்தில் கூட்டம். ஊர்த்தலைவர் நம்குங், கட்சிக்காரர்கள் குத்திவிட்ட பச்சை ரிப்பனோடு முன்வரிசையில் இருந்தார். தீவுப் பிள்ளைகளை அரசாங்கச் செலவில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் படிக்கவைப்பது, படித்தவர்கள் பத்து வருஷம் தீவிலேயே வேலை பார்ப்பது, அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது, அதுவரை படகில் டாக்டர் வந்துபோவது என்று மிரான் ஒவ்வொன்றாக விளக்கினாள். நன்றாகத்தான் பேசினாள்.

"பத்து வருஷமா?" என்றார் நம்குங். "ராஜா காலத்துல குத்தம் செஞ்சவனை இந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்துவாங்க. அவனையே அஞ்சாறு வருஷத்துல திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க. பாவம், டாக்டரு என்ன தப்பு பண்ணான்?"

மண்டபமே சிரித்தது. மிரானும் சிரித்தாள். சாங்குன் எழுந்து, கூரையில் வீசிய சட்டையை அவிழ்த்துக் காட்டி, மகன் மிதித்து எத்தனை ஓடு உடைந்தது என்பதுவரை சொன்னார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அந்தச் சிரிப்புக்குள் தொக்ஷிம் எழுந்து நின்றாள். எழுந்தது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"எங்க ஊருக்கு எப்ப வருவாங்க?"

மிரான் அவள் பக்கம் திரும்பினாள். "நெசத்தையே சொல்லிடறேன் அக்கா. நாங்க ஜெயிக்கணும். ஜெயிச்சாலும் முதல்ல பெரிய தீவுங்க. கல்மே அடுத்த சுத்துலதான் வருது."

"அதுவரைக்கும் யாரு சொல்றது?"

"என்னத்தைச் சொல்றது?"

தொக்ஷிம் பையிலிருந்து கையை எடுத்தாள். குமிம் எதிரே இருந்தாள். காலையில் அழுது தெளிந்த முகம். தொக்ஷிமின் மூடிய கை அப்படியே நின்றது.

அப்போது வாசல் கதவு திறந்தது. நம்குங்கின் மனைவி செருப்பில்லாமல் நின்றாள். நம்குங்கின் அண்ணன், நடக்கமாட்டாத மனுஷர், குளிர்காலக் கடைசியில் விழுந்ததிலிருந்து படுக்கைதான்.

"கஞ்சி எடுத்துட்டுப் போனேன். உங்க அண்ணன் முழிக்கல. மூச்சு இருக்கற மாதிரி தெரியல."

அங்கே இருந்த தலைகளெல்லாம் திரும்பின. மேடையில் பச்சை ஜாக்கெட்டோடு நின்றவள் பக்கம் ஒரு தலையும் திரும்பவில்லை. எல்லாம் தொக்ஷிமைப் பார்த்தன. யாரோ ஒரு பெண், "மூணு கிண்ணம் சோறு" என்று முணுமுணுத்தாள்.

மண்டபத்துக்கு அடுத்த வீடுதான். பெரியவர் சுவரோரம் மல்லாந்து கிடந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. யாரோ அதற்குள் பஞ்சைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"அது வேண்டாம்" என்றாள் தொக்ஷிம். "பாகு இருக்கா? அரிசிப் பாகு?"

கொண்டுவந்தார்கள். ஒரு துளி தொட்டு ஈறில் தடவினாள். இன்னொரு துளி. ஒன்றும் ஆகவில்லை. மார்பில் காதை வைத்தாள். அதே இரைச்சல், தூரத்தில், அலையைப்போல. மாமியாரின் மார்பில் கேட்டதும் இதுதான்.

நிமிர்ந்து, வாசலில் நின்ற மிரானைப் பார்த்தாள். "உள்ள வாங்கம்மா. நீங்க கேட்டுப் பாருங்க."

"நானா? எனக்கு இதெல்லாம் தெரியாதே அக்கா."

"எனக்கும் தெரியாது. வாங்க."

மிரான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மண்டியிட்டாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, முன்பின் அறியாத அந்த மனிதரின் மார்பில் கன்னத்தை வைத்தாள். அறையில் யாரும் அசையவில்லை. வெளியே ஏணியைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

மிரான் கண்ணை மூடித் திறந்தாள். "ஏதோ கேக்குது. அது அவரா, நானான்னு தெரியல."

"அதான்" என்றாள் தொக்ஷிம். "மொக்போ மேடையில போயி அதைச் சொல்லுங்க. மருந்து தர ஆள் அப்புறம் வரட்டும். இருக்காரா இல்லையான்னு சொல்ல ஒரு ஆள் வேணும். மூணு வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன்."

குமிம் நிலைப்படியில் நின்றிருந்தாள். தொக்ஷிமின் கை தானாக விரிந்தது. ஏழு முடிச்சும் பாய்மேல் உதிர்ந்தன. நழுவாத முடிச்சு எதுவென்று தெரியாதவள் அந்தத் தீவில் பிறந்திருக்க மாட்டாள். குமிம் பார்த்தாள். அவள் முகத்தில் காலையில் வந்த தெளிவு மெல்ல மெல்ல வடிந்தது. அழவில்லை, திட்டவில்லை. உள்ளே வந்து, தொக்ஷிமின் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டாள்.

மிரான் வெளியே போய் மீட்புப் படகுக்குப் போன் செய்தாள். வருகிறோம், அலை சரியில்லை, நேரமாகும் என்றார்களாம்.

சாங்குன் தட்டுத்தடுமாறி வந்து பெரியவரின் காதருகே குனிந்தார். "நாந்தாம்பா, சாங்குன். உனக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும். அவசரப்படாத. இவ இன்னும் ஒண்ணும் சொல்லல."

நம்குங் ஏணியடியில் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் பச்சை ரிப்பன், கையில் அண்ணனின் சட்டை. ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"தொக்ஷிம், ஏறட்டுமா?"

"வேண்டாம்."

"எவ்வளவு நேரம்மா இப்படியே?"

"தெரியல. அடுப்புல வெறகு வைக்கச் சொல்லுங்க. தரை ஆறக் கூடாது."

யாரோ ஓடினார்கள். அடுப்பின் சூடு தரைக்கடியில் ஓடும்படி கட்டிய வீடு அது; கீழே தீ ஊதுகிற சத்தம் கேட்டது. பாய் மெதுவாகச் சூடேறியது. தொக்ஷிம் பெரியவரின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கை சூடாகத்தான் இருந்தது. அது தரையின் சூடா அவருடைய சூடா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொல்லவுமில்லை.